பூட்டிய வீட்டுக்கு ஒரு மறைவழி

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. முட்டுக்காட்டிலிருந்து கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள வீடுகளில் பல, வார நாட்களில் பூட்டியே கிடப்பவை. உரிமையாளர் சென்னையில் இருப்பார். சிங்கப்பூரிலோ துபாயிலோகூட இருப்பார். கரண்ட் இருக்கிறதா, இன்வெர்ட்டர் தாங்குமா, சம்ப்பில் மழைநீர் புகுந்துவிட்டதா என்று அவருக்கு நூறு கவலை. காவலாளியைக் கூப்பிட்டு, "ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே" என்று சொல்லலாம். ஆனால் புயல் காற்றில், அறுந்து கிடக்கும் கம்பிகளுக்கு நடுவே ஒரு மனிதரை அனுப்புவது நியாயமில்லை.

அந்தக் கேள்விகளுக்கெல்லாம் வீடே பதில் சொல்லும் வசதி இன்று சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் கிடைக்கிறது. ஆனால் உரிமையாளருக்குப் பதில் சொல்லும் வீடு, முன்பின் தெரியாதவருக்கும் பதில் சொல்லிவிடக் கூடாது. வீட்டு சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் கலையில் கடினமான பகுதி இதுதான்.

வீட்டு சர்வர் என்ன செய்கிறது?

உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினி போதும். சுமார் ஐந்து வாட் மின்சாரத்தில் இரவு பகலாக ஓடும். அதில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளைப் பலர் நிறுவுகிறார்கள். பவுலஸ் ஷவுட்சன் என்பவர் 2013இல் தொடங்கிய திறமூலத் திட்டம் இது. வீட்டு விவரங்களை வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பாமல், வீட்டுக்குள்ளேயே வைத்து வேலை செய்வது இதன் சிறப்பு.

தண்ணீர் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். சம்ப்பின் மூடிக்குக் கீழே ஓர் அல்ட்ராசானிக் சென்சார். ஒலி நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அது கணக்கிடுகிறது. அதோடு இணைந்த சிறு பலகை, சில நொடிகளுக்கு ஒருமுறை அந்த அளவை வைஃபை வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. அனுப்பும் முறைக்கு எம்.க்யூ.டி.டி. என்று பெயர். எண்ணெய்க் குழாய்களை செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக 1999இல் உருவாக்கப்பட்ட முறை அது. இன்று நம் மோட்டாருக்கும் உழைக்கிறது. மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்து, சம்ப்பில் போதிய நீர் இருந்து, வோல்டேஜும் சரியாக இருந்தால் சர்வர் ஒரு ரிலேயை இயக்குகிறது. ரிலே ஸ்டார்ட்டரை இயக்க, மோட்டார் ஓடத் தொடங்குகிறது. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் அது இழுக்கும் கரண்ட் குறையும். அந்தக் குறைவைக் கண்டதும் சர்வர் மோட்டாரை நிறுத்திவிடும்.

இவ்வளவுக்கும் இணையம் தேவையே இல்லை. அடையாறில் உட்கார்ந்துகொண்டு நெம்மேலி வீட்டின் சம்ப்பைப் பார்க்க வேண்டும் என்னும்போதுதான் இணையம் வேண்டியிருக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

வெளியிலிருந்து ஏன் எட்ட முடிவதில்லை?

வீட்டுக்குள் சர்வருக்கு 192.168 என்று தொடங்கும் முகவரி ஒன்று இருக்கும். அது அந்த வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி மட்டும்தான். பல இணைப்புகளில் அதுவும் உண்மையான முகவரியாக இருப்பதில்லை. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரே தெரு முகவரி இருந்து, வீட்டு எண் போடாத கடிதம் வாசல் காவலாளியோடு நின்றுவிடுவதைப் போன்றது இது. உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து குறிப்பிட்ட வீட்டைத் தேடி வர முடியாது.

உங்கள் இணைப்பு எப்படி என்று தெரிந்துகொள்வது எளிது. ரவுட்டரின் பக்கத்தில் வெளிமுகவரி என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அது பங்கிட்ட முகவரி. இந்தப் பயன்பாட்டுக்கென்றே 2012இல் ஒதுக்கி வைத்த தொகுதி அது.

எளிதான வழியின் ஆபத்து

முகவரி பங்கிடப்படாத இடங்களில் பலரும் செய்வது போர்ட் ஃபார்வர்டிங். ஹோம் அசிஸ்டன்ட் 8123 என்ற போர்ட்டில் இயங்குகிறது. வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு வருவதையெல்லாம் சர்வரிடம் அனுப்பு என்று ரவுட்டரில் எழுதிவிட்டால், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கேமரா பொருத்துபவர்கள் டி.வி.ஆர். பெட்டிக்கும் இதையே செய்துவிட்டுப் போகிறார்கள். சில கருவிகள் யு.பி.என்.பி. என்ற வசதியைப் பயன்படுத்தி, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துகொள்வதும் உண்டு.

என் வீட்டு முகவரி யாருக்குத் தெரியப்போகிறது என்று எண்ணுவது தவறு. யாரும் அதைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை; எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தால் போதும். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஸீமேப் என்ற கருவி, வேகமான ஒரே இணைப்பிலிருந்து, இணையத்தின் பழைய முகவரிகள் அனைத்தையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டியது. அப்படித் தட்டிப் பார்த்ததைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோடான் என்ற தேடுபொறி 2009 முதல் இயங்குகிறது. திறந்து வைத்த கேமராக்களை அதில் யாரும் தேடலாம்.

2016இல் பரவிய மிராய் என்ற தீநிரலும் இப்படித் தட்டிப் பார்த்தே பரவியது. தொழிற்சாலையிலிருந்து வரும் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்கும் மேல் அதன் பட்டியலில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அப்படி வசப்பட்ட கருவிகளைக் கொண்டு, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கோ, தங்கள் வீட்டுக் கருவிக்கு அதில் பங்குண்டு என்பதே தெரியாது.

நம் நாட்டிலும் இதற்குக் கசப்பான பாடம் உண்டு. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. நிறுவும்போது இருந்த எளிய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டது அதற்கு வழிவிட்டது என்பது பின்னர் வெளிவந்தது. கேமராக்களின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று பெற்ற பிறகே விற்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி அதே ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கும் பழைய கேமராக்களை அது மாற்றிவிடாது.

வலுவான கடவுச்சொல் வைத்தால் போதாதா? போதாது. 2023 மார்ச்சில் ஹோம் அசிஸ்டன்ட் நிரலிலேயே ஓர் ஓட்டையைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கடவுச்சொல்லே இல்லாமல் நிர்வாகப் பகுதிக்குள் நுழைய இடம்கொடுத்த அந்த ஓட்டைக்குத் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் பத்துக்குப் பத்து மதிப்பெண். 2017 முதல் அது அங்கேயே இருந்திருக்கிறது. திட்டக்குழு உடனடியாகத் திருத்தம் வெளியிட்டது. அவர்கள் நேர்மையாக அறிவித்ததால்தான் நமக்கும் தெரிந்தது. திறமையானவர்கள் எழுதிய நிரலிலும் இப்படி நேரும். போர்ட்டைத் திறந்து வைத்திருந்தவர்கள் அத்தனை காலமும் ஆபத்தில் இருந்தார்கள். சர்வரை வெளியுலகுக்குக் காட்டாமல் வைத்திருந்தவர்களை இணையத்திலிருந்து யாரும் தொட்டிருக்க முடியாது.

தெரியாதவருக்கு மௌனம்

ஆகவே சர்வரை வெளியே காட்டாமல், நம் கைப்பேசியை மட்டும் வீட்டு வலையமைப்புக்குள் கொண்டுசெல்ல வேண்டும். அதைச் செய்வது வி.பி.என். என்னும் மறைவழி. இன்று அதில் எளிதானதும் உறுதியானதும் வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் என்ற நிரலாளர் உருவாக்கிய இது, 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் 5.6ஆம் பதிப்பிலேயே இடம்பெற்றது. அதன் நிரல் சுமார் 4,000 வரிகள்தான். ஒரு மனிதர் உட்கார்ந்து முழுவதையும் படித்துச் சரிபார்க்கக் கூடிய அளவு. இதே வேலையைச் செய்யும் பழைய மென்பொருள்கள் இதைப்போலப் பல மடங்கு பெரியவை.

இதில் கடவுச்சொல் கிடையாது. கைப்பேசியும் சர்வரும் ஆளுக்கு இரண்டு சாவிகளை உருவாக்கிக்கொள்ளும். தனிச்சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே போகவே கூடாது. பொதுச்சாவியை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கலாம். 44 எழுத்துகள் கொண்ட ஒரு வரி அது. கைப்பேசியின் பொதுச்சாவியை சர்வரிலும், சர்வரின் பொதுச்சாவியைக் கைப்பேசியிலும் எழுதிவிட்டால் அறிமுகம் முடிந்தது.

இணைப்பு தொடங்கும் விதம் அழகானது. கைப்பேசி 148 பைட் நீளமுள்ள ஒரு சிறு பொதியை அனுப்புகிறது. சர்வரின் பொதுச்சாவியை அறிந்தவரால் மட்டுமே எழுதக்கூடிய முத்திரை ஒன்று அதில் இருக்கும். அனுப்பியவரின் அடையாளம் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். நேரமும் பதிந்திருக்கும்; பழைய பொதியைப் பிடித்துவைத்து யாரும் மறுபடி அனுப்பி ஏமாற்ற முடியாது. எல்லாம் சரியாக இருந்தால் சர்வர் ஒரு பதில் பொதி அனுப்பும். அதோடு இருவருக்கும் பொதுவான தற்காலிகச் சாவி பிறந்துவிடும். பேச்சு தொடரும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அந்தச் சாவியும் புதுப்பிக்கப்படும். முத்திரையோ சாவியோ பொருந்தாவிட்டால் சர்வர் மறுப்புகூடச் சொல்லாது, வாய் திறக்காது. ஊரெல்லாம் தட்டிப் பார்க்கும் கருவிக்கு அங்கே சர்வர் இருப்பதே தெரியாது. போர்ட் ஃபார்வர்டிங்குக்கும் இதற்கும் மலையளவு வேறுபாடு உண்டாவது இந்த மௌனத்தால்தான். இங்கும் ரவுட்டரில் ஒரு போர்ட்டை, வழக்கமாக 51820ஐ, திருப்பிவிடத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது சாவி இல்லாதவரிடம் பேசவே பேசாத மென்பொருள்.

ஹோம் அசிஸ்டன்டிலேயே வயர்கார்டைத் துணைச்செயலியாக நிறுவிக்கொள்ளலாம். அது காட்டும் க்யூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியில் பிடித்தால் போதும். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். முதலாவது, வீட்டு வலையமைப்பின் எண். பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்றே வருகின்றன. நீங்கள் தங்கியிருக்கும் விடுதியிலும் அதே எண் இருந்தால், எது வீடு எது விடுதி என்று கைப்பேசி குழம்பிவிடும். வீட்டு எண்ணை 192.168.73 என்பதுபோல அபூர்வமான ஒன்றாக முதலிலேயே மாற்றிவிடுங்கள். இரண்டாவது, கைப்பேசியின் வயர்கார்டு அமைப்பில் உள்ள அனுமதிக்கப்பட்ட முகவரிகள் என்ற வரி. அங்கே வீட்டு எண்ணை மட்டும் எழுதினால், வீட்டுக்குரிய போக்குவரத்து மட்டும் மறைவழியில் போகும். மற்றவை வழக்கம்போல நேராகப் போகும்.

முகவரி பங்கிடப்பட்டிருந்தால்?

நான்கு வழிகள் உண்டு. இணைய நிறுவனத்திடம் கேட்டுக் கூடுதல் கட்டணத்தில் நிலையான முகவரி வாங்குவது ஒன்று. புதிய முகவரி முறையான ஐ.பி.வி6ஐப் பயன்படுத்துவது இன்னொன்று. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுக்கலாம். இந்தியாவில் இது வேகமாகப் பரவியிருக்கிறது. ஆனால் ரவுட்டரின் தடுப்புச்சுவர் இயங்குகிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, சர்வரே வெளியே புறப்பட்டுப் போவது. மாத வாடகைக்கு ஒரு சிறு கணினியை இணையத்தில் எடுத்து, வீட்டு சர்வர் அதனோடு வயர்கார்டில் எப்போதும் இணைந்திருக்கும்படி செய்யலாம். கைப்பேசியும் அங்கே போய்ச் சேர்ந்தால் இரண்டும் சந்தித்துவிடும். டெயில்ஸ்கேல் என்ற சேவை இந்த வேலையை இன்னும் எளிதாக்குகிறது. உள்ளே ஓடுவது வயர்கார்டுதான். சாவிகளை அறிமுகம் செய்துவைப்பதும், இரு கருவிகளும் நேராகப் பேச வழி தேடிக் கொடுப்பதும் அந்த நிறுவனத்தின் பங்கு. தனிச்சாவி உங்கள் கருவியிலேயே இருப்பதால் உள்ளடக்கத்தை அவர்களால் படிக்க முடியாது. தனிநபர்களுக்கு இலவசத் திட்டம் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் அதில் நுழையப் பயன்படுத்தும் மின்னஞ்சல் கணக்கே இனி வீட்டின் காவல் என்பதை மறக்கக் கூடாது. அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம்.

நான்காவது, ஹோம் அசிஸ்டன்ட் குழுவினர் தொடங்கிய நபு காசா நிறுவனத்தின் கட்டணச் சேவை. மறைகுறியாக்கம் உங்கள் வீட்டு சர்வரில்தான் அவிழும். நடுவில் அவர்களுக்கும் தெரியாது. நீங்கள் கட்டும் பணம் அந்தத் திறமூலத் திட்டத்தின் வளர்ச்சிக்கும் போகிறது. வி.பி.என். எல்லாம் நமக்கு வேண்டாம் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு இது ஏற்றது.

வீட்டுக்குள்ளும் ஒரு வேலி

2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்த செய்தி வந்தபோது தமிழ்நாடே பதறியது. அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அதை ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையமைப்பில் இருந்த கணினி அது. அணுஉலையை இயக்கும் வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டது, பாதிக்கப்படவில்லை என்று விளக்கியது. ஒன்றில் புகுந்தவன் மற்றொன்றுக்குத் தாவாதபடி வலையமைப்புகளைப் பிரித்து வைப்பது என்ற கொள்கையின் பயன் அங்கே தெரிந்தது.

வீட்டிலும் அதையே செய்யலாம். விலை மலிவான கேமராக்களையும் ஸ்மார்ட் பிளக்குகளையும் தனி வைஃபையில் விடுங்கள். அவை சர்வரோடு பேசட்டும். இணையத்துக்குப் போக வேண்டாம். வங்கிக் கணக்கு பார்க்கும் மடிக்கணினி இருக்கும் வலையமைப்புக்கும் வர வேண்டாம். யு.பி.என்.பி.யை ரவுட்டரில் அணைத்துவிடுங்கள். ஹோம் அசிஸ்டன்டில் இரட்டைச் சரிபார்ப்பு இருக்கிறது, அதையும் போடுங்கள்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வயர்கார்டு சாவிகளை உருவாக்குங்கள். ஒரே சாவியைப் பலர் கைப்பேசியில் போட வேண்டாம். ஒரு கைப்பேசி தொலைந்தால் அதன் பொதுச்சாவி வரியை மட்டும் சர்வரிலிருந்து அழித்தால் போதும். மற்றவர்களுக்கு எந்தத் தடையும் வராது. இந்தக் கடற்கரை வீடுகளில் காவலாளியின் குடும்பம் தோட்டத்து அறையில் குடியிருப்பது வழக்கம். கேமரா எங்கெங்கே இருக்கிறது, எதைப் பதிவு செய்கிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் குடியிருக்கும் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். அவர்களும் மதிக்கப்படும் வீடுதான் பாதுகாப்பான வீடு.

புயலிலும் நிற்க வேண்டும்

கடலோரத்தில் மூன்று எதிரிகள்: மின்வெட்டு, உப்புக்காற்று, அறுந்த கேபிள். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சிறு யு.பி.எஸ். வையுங்கள், இன்வெர்ட்டர் மாறும் நொடியில் அவை அணைந்து எழுவது நிற்கும். திடீரென்று கரண்ட் போகும் இடங்களில் மெமரி கார்டு விரைவில் கெடும், சர்வருக்கு எஸ்.எஸ்.டி. வையுங்கள். ராஸ்பெர்ரி பையின் பழைய மாதிரிகளில் கடிகார பேட்டரி கிடையாது. நீண்ட மின்வெட்டுக்குப் பின் எழும்போது அதன் நேரம் பின்தங்கியிருக்கும். வயர்கார்டு பொதியில் நேரம் பதிந்திருப்பதால், சர்வரே வெளியே அழைக்கும் அமைப்பில், நேரம் சரியாகும்வரை இணைப்பு மறுக்கப்படலாம். பதறிப்போய் எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிடாமல் சில நிமிடங்கள் பொறுங்கள். உப்புக்காற்று ரிலேயின் முனைகளை அரித்துவிடும். பலகைகளை நன்றாக மூடிய பெட்டியில் வையுங்கள்.

கேபிள் அறுந்தால் எந்த மறைவழியும் வேலை செய்யாது. அதனால் உயிருக்கும் உடைமைக்கும் தொடர்புடைய முடிவைத் தொலைவில் இருக்கும் கைப்பேசியிடம் விடக் கூடாது. தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது ஃப்ளோட் சுவிட்சின் வேலை. மின்கசிவு வந்தால் துண்டிப்பது ஆர்.சி.சி.பி.யின் வேலை. இவை சர்வரே இல்லாவிட்டாலும் இயங்க வேண்டும். சர்வர் அதற்கு மேல் ஒரு வசதி. தொலைவழி அதற்கும் மேல் ஒரு வசதி. இந்த வரிசை மாறினால் வீடு இணையத்தை நம்பி உயிர்வாழும் நிலை வந்துவிடும்.

கேமராவோ ஆட்டோமேஷனோ பொருத்த ஆள் வரும்போது நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறக்கிறீர்கள்? கருவியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்களா? இணையம் போனால் எது ஓடும், எது நிற்கும்? திருத்தம் வந்தால் யார் போடுவது? நான்குக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேலையைத் தொடங்க விடாதீர்கள். ஏற்கெனவே பொருத்தியிருந்தால், இந்த வார இறுதியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதற்கென்று தெரியாத வரி ஒன்று இருந்தாலும் அதை அன்றே நீக்கிவிடுங்கள்.